கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் வந்துவிட்டது, சம்பளம் வந்ததா?

தாமரைக்குளம் கேட்டது:

"மனித உழைப்பு சரக்கு அல்ல" என்று அமெரிக்கச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நாட்டில் கல்லூரி ஃபுட்பாலும் (நம்ம ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) கூடைப்பந்தும் பல நூறு கோடி டாலர் வியாபாரமாக நடக்கின்றன. ஆடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் கிடையாது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது, ஆனாலும் அவர்கள் ஊழியர்கள் இல்லையாம்.

அப்படியானால் அந்தப் பணம் எதற்கான விலை? ஒருவரை ஊழியர் என்று சொல்ல என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள்? ஊழியர் ஆகிவிட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்கும், கையை விட்டு என்ன போகும்? விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு, தொகையோடு சொல்லுங்கள். "படிப்பே இலவசம், அது போதாதா" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம், அதற்கு மேல் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உரைகல்:

அந்த வாசகம் 1914 கிளேட்டன் சட்டத்தின் 6ஆம் பிரிவில் வருகிறது. அது எதற்காக வந்தது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும். 1890இல் ஷெர்மன் சட்டம் வந்தது. வியாபாரிகள் கூடிப் பேசி விலையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 1908இல் கனெடிகட் மாநிலத்து டான்பரி ஊர்த் தொப்பித் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தொழிற்சங்கத்தின் மேலேயே திருப்பியது. கூலிக்காகச் சேர்ந்து நின்ற தொழிலாளர்களையும் விலைக்காகக் கூட்டுச் சேர்ந்த வியாபாரிகளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. அதை மாற்றத்தான் "உழைப்பு சரக்கு அல்ல" என்று எழுதினார்கள். தொழிலாளர் சேர்ந்து பேரம் பேசினால் அது ஏகபோகச் சதி ஆகாது, அவ்வளவுதான் பொருள். 1944இல் பிலடெல்பியாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதையே தன் கொள்கையாக அறிவித்தது.

கல்லூரி விளையாட்டில் கதை நேர் எதிராகப் போனது. இங்கே கூட்டுச் சேர்ந்தது வாங்குகிற பக்கம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரிகளின் சங்கத்தில் சுமார் 1,100 கல்லூரிகள் இருக்கின்றன. "படிப்புச் செலவுக்கு மேல் ஒருவரும் கொடுக்கக் கூடாது" என்று எல்லோரும் சேர்ந்து விதி போட்டுக்கொண்டார்கள். ஊரில் உள்ள அத்தனை மில்லும் கூடி ஒரே கூலி என்று முடிவு செய்தால் எப்படியோ, அப்படி. தொழிலாளி என்ற அந்தஸ்து இல்லாததால் வீரர்களுக்குத் தொழிலாளர் சட்டத்தின் கதவு திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஷெர்மன் சட்டத்தைத்தான் கையில் எடுத்தார்கள். அதாவது, "எங்கள் உழைப்புக்கு ஒரு சந்தை இருக்கிறது, அதில் விலையை நீங்கள் அமுக்கி வைத்திருக்கிறீர்கள்" என்று வாதாட வேண்டி வந்தது. உழைப்பு சரக்கு என்று நிறுவித்தான் அவர்கள் ஜெயித்தார்கள். எனக்கு இதில் மனசு உறுத்துகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், தன் உருவத்தை அனுமதியில்லாமல் வீடியோ கேமில் பயன்படுத்தியதற்காக என்.சி.ஏ.ஏ. மேல் 2009இல் போட்ட வழக்கு இதில் ஒரு திருப்புமுனை. 2021 ஜூன் 21 அன்று, வீரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு தொட்டது படிப்பு சார்ந்த சலுகைகளை மட்டும்தான். படிப்பில் தேறியதற்காக ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கொடுக்கலாம் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. அடுத்த மாதமே, 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்றது என்.சி.ஏ.ஏ. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கிராண்ட் ஹவுஸ் என்ற வீரரின் பெயரால் என்.சி.ஏ.ஏ. மேல் நடந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். முன்பு ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக 280 கோடி டாலர், 10 ஆண்டுகளில் கொடுபட வேண்டும். அதன் பிறகு, சமரசத்தில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் 2025-26இல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம் என்று ஆனது. கல்லூரியும் வீரரும் போடும் ஒப்பந்தத் தாள்களை வாசித்துப் பாருங்கள். "ஆட்டத்துக்காக", "உழைப்புக்காக" பணம் என்று பொதுவாக எழுதுவதில்லை. கல்லூரி வாங்குவது வீரரின் பெயர், படம், சாயல் இவற்றைப் பயன்படுத்தும் உரிமம். காலை 5 மணி பயிற்சி, முட்டியில் கட்டு, ஞாயிறு வீடியோ மீட்டிங் எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. காசு வந்த வழியிலேயே "ஊழியர்" என்ற சொல் வராதபடி எழுதிவிட்டார்கள்.

மணிக்கணக்கு:

உரைகல் சொன்னதோடு அளவுகோலைச் சேர்க்கிறேன்.

அமெரிக்காவில் ஊழியர் என்பதற்கு ஒரே வரையறை கிடையாது. சங்கம் அமைக்க ஒரு சட்டம், குறைந்தபட்சக் கூலிக்கு வேறொன்று, காயத்துக்கு நஷ்டஈடு அந்தந்த மாநிலச் சட்டம். மூன்றையும் கலந்து பேசுவதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

சங்கச் சட்டத்தில் பெரிய சோதனை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் டீம். 2014 மார்ச்சில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சிகாகோ வட்டார இயக்குநர், ஸ்காலர்ஷிப் வாங்கும் வீரர்கள் ஊழியர்களே என்றார். அவர் பார்த்தது மூன்று: வேலை செய்கிறார்களா, கட்டுப்பாடு யாரிடம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது. ஆகஸ்ட் முகாமில் வாரம் 50 முதல் 60 மணி நேரம், சீசனில் 40 முதல் 50 மணி நேரம் என்று பதிவானது. கட்டுப்பாட்டுக்கு அவர் காட்டிய உதாரணங்கள் சின்னச் சின்னவை, ஆனால் கனமானவை. விடுதியை விட்டு வெளியே வீடு எடுத்தால் வாடகை ஒப்பந்தத்தைக் கோச்சிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஓட்டுகிற காரின் விவரம் கொடுக்க வேண்டும். வெளியில் வேலைக்குப் போக அனுமதி வேண்டும். சமூக ஊடகத்தில் என்ன போடலாம் என்பதற்கும் விதி உண்டு. பதிலுக்கு வந்த ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 76,000 டாலர் வரை. 2003 முதல் 2012 வரை அந்த டீம் ஈட்டிய வருமானம் 23 கோடியே 50 லட்சம் டாலர்.

2015 ஆகஸ்டில் வாரியம் "நாங்கள் இதில் தலையிடவில்லை" என்று ஒதுங்கிவிட்டது. ஊழியர் இல்லை என்று அது சொல்லவில்லை, இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். அந்த மேல்தட்டு ஃபுட்பாலில் ஆடும் சுமார் 125 கல்லூரிகளில் 17 தவிர மற்றவை அரசுப் பல்கலைக்கழகங்கள், அவை இந்த வாரியத்தின் அதிகாரத்துக்குள் வராது, ஒரு டீமுக்கு மட்டும் சங்கம் என்றால் லீக் முழுக்கக் குழப்பம் என்பது வாரியம் சொன்ன காரணம். வீரர்கள் போட்ட வாக்குகள் கடைசி வரை எண்ணப்படவே இல்லை.

டார்ட்மத் கல்லூரியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனாலும் 2024 பிப்ரவரியில் அங்கே ஆண்கள் கூடைப்பந்து வீரர்களை ஊழியர் என்றார் பாஸ்டன் வட்டார இயக்குநர். ஷூ, உடை, டிக்கெட், பயணத்தில் தங்குமிடம், சாப்பாடு, சேர்க்கையில் முன்கூட்டிய பரிசீலனை, இதெல்லாம் கூலிக்கு ஈடு என்று எடுத்துக்கொண்டார். மார்ச் 5 அன்று 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். வாரியத்தில் ஆட்கள் மாறப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 2024 டிசம்பர் 31 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார்கள். பாதகமான முன்மாதிரி ஒன்று நிலைத்துவிடக் கூடாது என்று பார்த்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கூலிச் சட்டத்தில் இப்போது முக்கியமானது, வீரர்கள் மணிக்கூலி கேட்டுப் போட்ட ஜான்சன் வழக்கு. 2024 ஜூலையில் மூன்றாவது சர்க்யூட் நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் உள்ள வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) நான்கு கேள்வி வைத்தது. இன்னொருவருக்காகச் சேவை செய்கிறாரா, அது முதன்மையாக அந்த இன்னொருவரின் நன்மைக்கா, அவருடைய கட்டுப்பாட்டிலா, வெளிப்படையான அல்லது மறைமுகமான ஈட்டுக்காகவா? நான்குக்கும் ஆம் என்றால் ஊழியர். இதற்கு முன் 2016இல் ஏழாவது சர்க்யூட்டும் 2019இல் ஒன்பதாவதும் வீரர்கள் ஊழியர்கள் இல்லை என்றிருந்தன. ஜான்சன் தரப்பு வைத்த ஒப்பீடு எளிமையானது. அதே ஸ்டேடியத்தில் தின்பண்டக் கடையில் நிற்கும் மாணவருக்கும், வாசலில் டிக்கெட் கிழிக்கும் மாணவருக்கும் கல்லூரி மணிக்கணக்கில் கூலி கொடுக்கிறது. கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ அவருக்கு இல்லை.

மணிக்கணக்கில் ஒரு விஷயம் கவனியுங்கள். என்.சி.ஏ.ஏ. விதிப்படி சீசனில் நாளைக்கு 4, வாரத்துக்கு 20 மணி நேரம்தான், வாரம் ஒருநாள் விடுப்பு. ஆட்ட நாளுக்கு எத்தனை மணி ஆனாலும் 3 மணி என்றே எழுதுவார்கள். பயணம் கணக்கில் வராது, பிசியோவிடம் போகும் நேரம் வராது, "விருப்பத்தின் பேரில்" செய்யும் ஜிம் வராது. வெள்ளி மதியம் விமானம் ஏறி, சனி ஆடி, ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு விடுதி திரும்பினால் படிவத்தில் விழுவது 3. அதனால் "20 மணி நேரம்தானே" என்று யாராவது சொன்னால், எந்த மணி என்று கேளுங்கள்.

கரும்பலகை:

நண்பர்களே, ஒரு மறுப்பு. ஃபுட்பாலையும் கூடைப்பந்தையும் மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். என்.சி.ஏ.ஏ.வில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆடுகிறார்கள். நீச்சல், ஓட்டம், மல்யுத்தம், படகு எல்லாம் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. 2019இல் செலவை விட வருமானம் அதிகம் பார்த்த கல்லூரிகள் 25தான் என்பது என்.சி.ஏ.ஏ. கணக்கு. இல்லாத லாபத்தில் பங்கு எப்படிக் கேட்பது? சம்பளம் என்று வந்தால் முதலில் கத்தி விழுவது படகோட்டும் பெண்கள் மேல். என்.சி.ஏ.ஏ.வின் மூன்று அடுக்குகளில் கடைசியான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அங்கே ஆடுகிறவர்கள் ஆசைக்கு ஆடுகிறார்கள். அவர்களும் ஊழியரா?

1972 டைட்டில் 9 சட்டம் வேறு இருக்கிறது. ஆண், பெண் இருபாலாருக்கும் சமவாய்ப்பு கொடுக்க வேண்டும். சந்தை விலைப்படி கொடுத்தால் அந்தச் சட்டம் என்னாவது? ஹவுஸ் சமரசத்தின் பாக்கித் தொகையில் ஏறக்குறைய 75 சதவீதம் ஃபுட்பாலுக்கும் 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது என்பதால் 2025 ஜூனிலேயே பெண் வீரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள்.

உரைகல்:

கரும்பலகை கேட்டதில் பெண்கள் பற்றிய கவலையை முழுதாக ஏற்கிறேன். லாபம் பற்றியதை ஏற்க முடியாது. லாப நோக்கில்லாத நிறுவனத்தில் பங்குதாரர் கிடையாது, அதனால் வந்த பணம் எதிலாவது செலவாகித்தான் தீரும். எங்கே செலவானது என்று பாருங்கள். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் ஃபுட்பால் கோச்சை வேண்டாம் என்று அனுப்புவதற்கு மட்டும் ஏறக்குறைய 7 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பல மாநிலங்களில் அரசு ஊதியம் வாங்குபவர்களில் முதலிடம் ஒரு கோச்சுக்குத்தான். ஆடுகிறவனுக்குக் கொடுக்க முடியாத பணம், கோச், ஜிம், லாக்கர் அறை என்று வேறு வடிவத்தில் போய்ச் சேர்கிறது. மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமை நீட்டிப்பு 2032 வரையிலான 8 ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர். இது நஷ்டத் தொழில் அல்ல.

மூன்றாம் பிரிவு பற்றி: மணிக்கணக்கு சொன்ன நான்கு கேள்வியும் அதற்குத்தான். ஆசைக்கு ஆடுகிறவரும், வேலையாக ஆடுகிறவரும் அந்தக் கேள்விகளில் பிரிந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் தேடுவதுதான் தவறு.

நாணல்:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கையெழுத்துப் போடும்போது உதவுவது அதுதான்.

முதலில் தொகை. 2 கோடியே 5 லட்சம் என்பது 2025-26க்கான உச்சவரம்பு, கட்டாயம் இல்லை. பெரிய லீக் கல்லூரிகளின் ஒளிபரப்பு, டிக்கெட், ஸ்பான்சர் வருமானச் சராசரியில் 22 சதவீதம் என்று போட்ட கணக்கு. தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் வீரர்கள் சங்கம் வைத்துப் பேரம் பேசி வாங்குவது ஏறக்குறைய 48 சதவீதம். புதிதாகக் கூட்டிய ஸ்காலர்ஷிப்பில் 25 லட்சம் வரை அந்த வரம்பிலேயே கழியும். மீதி 1 கோடியே 80 லட்சம். பாக்கித் தொகைக்குப் போட்ட அதே விகிதத்தில் பிரித்தால் ஃபுட்பாலுக்கு 1 கோடியே 35 லட்சம், 105 பேருக்கு வகுத்தால் ஆளுக்குச் சராசரி 1,28,571. நிஜத்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கும் மூன்றாம் வரிசை ஆட்டக்காரரும் இந்தச் சராசரிக்கு மேலும் கீழுமாக வெகு தூரத்தில் நிற்பார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு 5 சதவீதம், அதாவது 9 லட்சம். 15 பேர் என்றால் ஆளுக்கு 60,000.

அந்த 60,000 முழுதாகக் கைக்கு வராது. உரிமத் தொகை என்பதால் வரி பிடிக்காமல் 1099 என்ற வரிப் படிவத்தில் வரும். சுயதொழில் வருமானமாகக் கணக்கிட்டால், 92.35 சதவீதத்தின் மேல் 15.3 சதவீதம், அதாவது சுமார் 8,478 டாலர் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வகையில் மட்டும் போய்விடும். வருமான வரி தனி. ஊழியராக இருந்தால் இதில் தன் பங்கு 7.65 சதவீதம், 4,590 டாலர். மறு பாதி முதலாளி கட்டுவது. வரியை நான்கு தவணையாக ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று கட்ட வேண்டும். இதை மறந்து முழுப் பணத்தையும் செலவழித்துவிட்டு அடுத்த ஏப்ரலில் திகைக்கும் பிள்ளைகள்தான் அதிகம். வந்த அன்றே 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது.

ஊழியர் ஆனால் போவது என்ன? இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. இன்று ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணம், புத்தகப் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் உண்டு. வேலைக்கான கூலி என்று ஆகிவிட்டால் வருமான வரிச் சட்டத்தின் 117ஆம் பிரிவு தரும் விலக்கு கட்டணப் பகுதிக்கும் கேள்விக்குள்ளாகும். 76,000 டாலர் ஸ்காலர்ஷிப் முழுவதும் வருமானமானால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், கையில் காசு வராமலே வரி வரும். ஒப்பந்தத்தில் இதற்கான ஈடு எழுதாமல் ஊழியர் அந்தஸ்துக்குப் போகக் கூடாது. மாநிலமும் முக்கியம். மிச்சிகன், ஓஹையோ இரண்டும் 2014இலேயே கல்லூரி வீரர்கள் அரசு ஊழியர் ஆக மாட்டார்கள் என்று சட்டம் போட்டுவிட்டன. வட கரோலினாவில் அரசு ஊழியர் எவருக்குமே கூட்டு பேர ஒப்பந்தம் கிடையாது.

கிடைப்பதில் பெரியது காயத்துக்கான நஷ்டஈடு. இந்த விவாதமே அங்கிருந்துதான் பிறந்தது. 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி வீரர் ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி நஷ்டஈடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம், கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை என்று மறுத்தது. இம்மாதிரி வழக்குகளைத் தடுக்கத்தான் என்.சி.ஏ.ஏ. "மாணவ-வீரர்" என்ற சொல்லை விதிகளிலும் பேச்சிலும் புகுத்தியது. 1974இல் ஆட்டத்தில் முதுகுத்தண்டு முறிந்த கென்ட் வால்ட்ரெப்புக்கும் 2000இல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. "ஊழியர்" என்ற ஒரு சொல் கிடைக்காததால் ஒரு விதவைக்குப் பணம் கிடைக்கவில்லை. அதனால்தான் "பெயரில் என்ன இருக்கிறது" என்று இந்த விஷயத்தில் என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது விரல் வைத்துப் பார்க்க வேண்டியவை: காயம்பட்டால் பணம் நிற்குமா, தொடருமா. கல்லூரி மாறினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா, எவ்வளவு. உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது, படிப்பு முடிந்த பிறகும் உங்கள் முகம் அவர்களிடம் இருக்குமா. கோச் மாறினால் ரத்து செய்ய முடியுமா. ஏஜென்ட் கமிஷன் எத்தனை சதவீதம். என்.எஃப்.எல்.லில் சங்கம் 3 சதவீதம் என்று வரம்பு போட்டிருக்கிறது, இங்கே அப்படி ஒரு பொது வரம்பு இல்லாததால் 15, 20 கேட்பவர்களும் உண்டு. வெளியார் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் என்.ஐ.எல். கோ என்ற இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஆடும் தகுதியே போகலாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்காலர்ஷிப் வாங்கலாம். வளாகத்தில் பருவகாலத்தில் வாரம் 20 மணி வரை வேலையும் செய்யலாம். விளம்பரப் படப்பிடிப்பு அமெரிக்க மண்ணில் நடந்தால் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடும் அபாயம் உண்டு, விசாவே போகும். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022இல் டீம் பஹாமாஸ் போனபோது தன் விளம்பர வேலைகளை அங்கே வைத்துக்கொண்டது இதற்காகத்தான். வருவாய்ப் பகிர்வுத் தொகையைக் கல்லூரி நீட்டினாலும், குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் சொல்வது மட்டும் போதாது, அவர்கள் கல்லூரியின் பக்கம்.

தாமரைக்குளம்:

நாணல், மணிக்கணக்கு, உரைகல், கரும்பலகை, எல்லோருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று. 2 கோடியே 5 லட்சம் வரம்பும் எல்லோரும் சேர்ந்து போட்ட விலைக்கட்டுப்பாடுதானே? ஆல்ஸ்டன் தீர்ப்புக்குப் பிறகு அது எப்படி நிற்கிறது?

உரைகல்:

சமரசத்தின் பலத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். என்.எஃப்.எல்.லில் சம்பள உச்சவரம்பு செல்லுபடியாவதற்குக் காரணம், எதிரே ஒரு சங்கம் உட்கார்ந்து ஒப்புக்கொண்டது. சங்கத்தோடு பேசி முடித்ததை ஷெர்மன் சட்டம் தொடாது, 1996 பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கல்லூரிகளுக்கு எதிரே அப்படி ஒரு சங்கம் இல்லை. ஹவுஸ் சமரசத்துக்குக் கட்டுப்படாத புதிய வீரர் ஒருவர் நாளை வழக்குப் போட்டால் திரும்பவும் முதலிலிருந்து. அதற்குப் பயந்துதான் என்.சி.ஏ.ஏ. நாடாளுமன்றத்திடம் விலக்கு கேட்கிறது. 2025 ஜூலையில் கொண்டுவந்த ஸ்கோர் மசோதாவில் அந்த விலக்கும் இருக்கிறது, வீரர்களை ஊழியராகக் கருதக் கூடாது என்ற பிரிவும் இருக்கிறது. மசோதாவைப் படிப்பவர்கள் அந்த இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.